கச்சான் எண்ணெய்: போத்தலில் சேர்வதும் பிண்ணாக்கில் தங்குவதும்

கச்சான் எமது விவசாயிகளுக்குப் புதிய பயிரல்ல. முல்லைத்தீவு, கிளிநொச்சி, மட்டக்களப்பு, மொனராகலை மாவட்டங்களின் மணற்பாங்கான நிலங்களில் இது நெடுங்காலமாகச் செய்கை பண்ணப்பட்டு வருகிறது. ஆயினும் வறுத்தும் அவித்தும் கொறிக்கும் பண்டமாகவே இதனை நாம் கண்டிருக்கிறோம். மடுத் திருநாளுக்கோ நல்லூர்த் திருவிழாவுக்கோ போனவர் கச்சான் பொட்டலம் இல்லாமல் வீடு திரும்புவது அரிது. சமையலுக்கு எம்மிடையே வழக்கம் தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயுமே. இந்தியாவின் பல மாநிலங்களிலும் மேற்கு ஆபிரிக்காவின் செனகல் போன்ற நாடுகளிலும் கச்சான் எண்ணெயே வீட்டு எண்ணெயாக விளங்குகிறது.

சொந்தக் காணியை விட்டு வந்து, குத்தகை நிலத்திலோ புதிதாகக் கிடைத்த துண்டுக் காணியிலோ கச்சான் போட்ட குடும்பத்திற்கு, அறுவடை முடிந்ததும் ஒரு கேள்வி எழுகிறது. முழுவதையும் விற்பதா? ஆட்டி எண்ணெயாக்குவதா? பிள்ளைகளுக்கென்று வீட்டில் வைப்பதா? இதற்கு விடை காண, எண்ணெயில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதை முதலில் அறிய வேண்டும்.

எண்ணெய் என்பது முழுக்க முழுக்கக் கொழுப்பு. 100 கிராம் கச்சான் எண்ணெயில் ஏறத்தாழ 884 கலோரி சக்தி உண்டு. புரதம் இல்லை, மாச்சத்து இல்லை, இரும்பும் கல்சியமும் இல்லையென்றே சொல்லலாம். விற்றமின் ஏயும் இல்லை. விற்றமின் ஈ மட்டும் 100 கிராமுக்குச் சுமார் 15 மில்லிகிராம் இருக்கிறது. வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளுக்கு வேண்டியதும் அவ்வளவே. ஆனால் யாரும் நாளொன்றுக்கு 100 கிராம் எண்ணெய் உண்பதில்லை. இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், தேவையில் கால்வாசியளவைத் தரும்.

அப்படியானால் எண்ணெயால் பயன் என்ன? சிறு பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். அவர்களின் வயிறு சிறியது. தண்ணீராகக் காய்ச்சிய கஞ்சியை வயிறு நிறையக் குடித்தாலும் போதிய சக்தி சேராது. ஒரு தேக்கரண்டி எண்ணெயில் 40 கலோரி உண்டு. அவிக்காத அரிசி ஒரு மேசைக்கரண்டி தரும் சக்திக்கு இது சமம். ஆறு மாதம் கடந்த குழந்தைக்குத் தாய்ப்பாலோடு கொடுக்கும் குழைசோற்றில் அரைக் கரண்டியோ ஒரு கரண்டியோ எண்ணெய் விட்டுப் பிசைந்தால், அளவு கூடாமலே சக்தி கூடும். இன்னொரு பயனும் உண்டு. முருங்கையிலை, பொன்னாங்காணி, அகத்தி ஆகியவற்றிலுள்ள, உடலில் விற்றமின் ஏயாக மாறும் சத்தை உடல் உறிஞ்சிக்கொள்ளக் கொழுப்புத் தேவை. எண்ணெயோ தேங்காய்ப்பாலோ படாத வெறும் கீரையில் பாதிப் பயன் வீணாகிறது.

கொழுப்பின் வகையும் கவனிக்கத்தக்கது. கச்சான் எண்ணெயில் நிரம்பிய கொழுப்பு நூற்றுக்குச் சுமார் 17 பங்கு. தேங்காயெண்ணெயிலோ 80க்கு மேல். நிரம்பிய கொழுப்பு இரத்தத்தில் கெட்ட கொலஸ்திரோலைக் கூட்டுகிறது. வளர்ந்தோர் உண்ணும் மொத்தச் சக்தியில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் நிரம்பிய கொழுப்பிலிருந்து வரலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. மூன்று வேளையும் தேங்காய்ப்பாலும் சம்பலும் சேர்க்கும் எமது வீடுகளில் பொரிப்பதற்கும் தாளிப்பதற்குமாவது வேறு எண்ணெய் பாவிப்பது நல்லது. அதற்குக் கச்சான் எண்ணெய் பொருந்தும், நல்லெண்ணெயும் பொருந்தும். கடைப் போத்தல்களில் “கொலஸ்திரோல் அற்றது” என்று பெரிதாக எழுதியிருப்பதைக் கண்டு கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்திரோல் இருப்பதில்லை. மீனில் கிடைக்கும் ஒமேகா 3 கொழுப்பு கச்சான் எண்ணெயில் கிடையாது. அதற்குச் சூடையும் நெத்தலியுமே வழி.

இனி, ஆட்டும்போது நடப்பதைப் பார்ப்போம். பத்துக் கிலோ கோதுடைய கச்சானில் ஏறத்தாழ ஏழு கிலோ பருப்பு தேறும். செக்கில் ஆட்டினால் மூன்று லீற்றர் அளவில் எண்ணெய் வரும். எஞ்சுவது பிண்ணாக்கு. 100 கிராம் பருப்பில் இருந்த 25 கிராம் புரதமும், மக்னீசியமும், இரத்தம் ஊறத் தேவையான போலேற்றும் எண்ணெயோடு போவதில்லை, பிண்ணாக்கிலேயே தங்கிவிடுகின்றன. அதை நாம் மாட்டுக்கு வைக்கிறோம். மாட்டுக்கு அது நல்ல தீன்தான். ஆனால் போசாக்குக் குறைந்த பிள்ளை இருக்கும் வீட்டில், கச்சான் முழுவதையும் ஆட்டுவது பிள்ளையின் பங்கை மாட்டுக்குக் கொடுப்பது போலாகும்.

ஆகவே விதைக்கு எடுத்தபின், முதலில் வீட்டுக்கென்று ஒரு பங்கைப் பருப்பாகவே ஒதுக்கிவையுங்கள். ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் கச்சானில், ஒரு முட்டையில் உள்ளதைவிடச் சற்றுக் கூடுதலான புரதம் உண்டு. தரத்தில் முட்டைக்கு ஈடாகாவிட்டாலும், சோறு, பருப்பு, சிறுமீன் ஆகியவற்றோடு சேரும்போது அக்குறை பெருமளவு நீங்கும். கடும் போசாக்கின்மையுற்ற பிள்ளைகளுக்காக 1996இல் பிரான்சில் உருவாக்கப்பட்டு, பின்னர் உலகெங்கும் நிவாரணப் பணிகளில் பரவிய சத்துப் பசையின் முக்கிய மூலப்பொருளும் அரைத்த கச்சானே. பால்மா, சீனி, எண்ணெய், விற்றமின்கள் அதனுடன் சேர்க்கப்பட்டன. வீட்டு மா அந்த மருந்துணவுக்கு ஈடாகாது. நிறை குறைந்த பிள்ளையைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டியே ஆக வேண்டும். மற்றப் பிள்ளைகளுக்கு வறுத்து இடித்த கச்சானைக் கஞ்சியிற் கலந்து கொடுக்கலாம். ஐந்து வயதுக்குக் குறைந்தோருக்கு முழுப் பருப்பாகக் கொடாதீர்கள், மூச்சுக்குழாயில் சிக்கிவிடும். கச்சான் ஒவ்வாத பிள்ளைக்குச் செக்கெண்ணெயும் ஆகாது.

எல்லாவற்றிலும் பெரிய எச்சரிக்கை பூஞ்சணம் பற்றியது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் இறந்தன. தேடியபோது, அவற்றின் தீனில் சேர்ந்திருந்த கச்சான் பிண்ணாக்கில் ஒருவகைப் பூஞ்சணம் விட்ட நஞ்சே காரணமெனத் தெரியவந்தது. அந்த நஞ்சின் பெயர் அப்ளாரொக்சின். ஈரலைத் தாக்கும், நெடுநாள் உடலில் சேர்ந்தால் ஈரற் புற்றுநோயைத் தரும். வறுத்தாலும் பொரித்தாலும் முற்றாக அழியாது. பூஞ்சணம் பிடித்த பருப்பை ஆட்டினால் நஞ்சின் பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்கும். ஒரு பகுதி எண்ணெயிலும் இறங்கும். பெரிய ஆலைகளில் சுத்திகரிக்கும்போது அது நீங்குகிறது. கிராமத்துச் செக்கில் அந்த வசதி இல்லை. “கழிவுக் கச்சானை ஆட்டிவிடலாம்” என்ற எண்ணம் அதனால்தான் ஆபத்தானது.

கிண்டிய கச்சானை வெறுந்தரையில் குவிக்காமல் பாயிலோ படங்கிலோ மெல்லியதாகப் பரப்பிக் காயவிடுங்கள். இரவிலும் மழையிலும் மூடுங்கள். ஆட்டிப் பார்த்தால் கோதுக்குள் பருப்பு கலகலக்க வேண்டும். பிறகு சாக்கில் கட்டி, நிலத்திலும் சுவரிலும் படாமல் பலகை மேல் அடுக்குங்கள். தகரக் கொட்டிலில் இரவில் நீர் வியர்த்துச் சொட்டும் இடத்தைத் தவிருங்கள். ஆட்டிய எண்ணெயை நன்கு காய்ந்த போத்தலில் நிரப்பி, வெளிச்சம் படாமல் வையுங்கள். காறல் மணம் வந்ததையும், பலமுறை பொரித்துக் கறுத்ததையும் சமையலுக்கு எடுக்காதீர்கள்.

உடைக்கும்போது சுருங்கியது, நிறம் மாறியது, முளைத்தது, பூச்சி துளைத்தது எல்லாவற்றையும் கையால் பொறுக்கி எடுத்துவிடுங்கள். நஞ்சின் பெரும்பங்கு இந்தச் சில பருப்புகளிலேயே இருக்கும். அவற்றைக் கோழிக்குப் போட்டால் கோழி சாகும். மாட்டுக்கு வைத்தால் பாலில் வந்து சேரும். குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.