பழைய மொறிஸ் மைனரும் அதன் பிறேக்கும்

பத்தாவில் வெள்ளிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்த ஒரு மாலையில், மாணவி ஒருத்தியின் தந்தையார் தமது கைத்தொலைபேசியில் ஒரு படத்தை எனக்குக் காட்டினார். சாவகச்சேரியிலுள்ள அவரது பூர்வீக வீட்டின் கொட்டிலில் துருவேறி நிற்கும் 1959 ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் வண்டி அது. அவருடைய தகப்பனார் ஓடியது. சகோதரர்கள் மூவரும் பணம் சேர்த்து அதனைப் புதுப்பிக்க முடிவுசெய்துள்ளனர்.

"பெயின்ருக்கும் இருக்கைக்கும் காசு ஒதுக்கிவிட்டோம், சேர். பிறேக் இப்போதும் பிடிக்கிறதாம். அதை அப்படியே விடலாமா, அல்லது இந்தக் காலத்து வண்டிகளைப் போல டிஸ்க் பிறேக் போட வேண்டுமா? நீங்கள் ஊரில் விஞ்ஞானம் படிப்பித்தவர்தானே?" என்று கேட்டார்.

நின்ற நிலையில் விடை கூறக்கூடிய வினா அன்று அது. ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் எனப் பள்ளியினர் கேட்டபோது, அவ்விடையையே எழுதித் தரலாம் எனத் துணிந்தேன். ஊரில் பழைய வண்டி வைத்திருப்போர் நம்மிடையே இன்னும் சிலர் உளர்.

வண்டியின் வரலாறு

அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வடிவமைத்த மொறிஸ் மைனர், 1948 இல் இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நிற்கும்வரை பதினாறு இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. இலங்கையில் அது வைத்தியரின் வண்டியாகவும், ஆசிரியரின் வண்டியாகவும், வாடகை வண்டியாகவும் ஓடியது. 1990 இல் யாழ் குடாநாட்டின்மீது பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் கிடையாமற்போன காலத்தில், சில துளி பெற்றோலில் இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடி, எம்மைச் சுமந்தவை மொறிஸ், ஒஸ்ரின் முதலிய இத்தகைய பழைய வண்டிகளே.

அதன் நான்கு சில்லுகளிலும் இருப்பவை டிறம் பிறேக்குகள். மிதியை அழுத்தும்போது மாஸ்ரர் சிலிண்டரிலுள்ள எண்ணெய் அமுக்கப்படுகிறது. அடைபட்ட திரவத்தில் அமுக்கம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்பது பஸ்காலின் விதி. அவ்வமுக்கம் குழாய்கள் வழியே சென்று, டிறமுக்குள் இருக்கும் இரு சூக்களையும் வெளிப்புறமாகத் தள்ளி உராயச் செய்கிறது. 1962 வரை வந்த மைனர்களில் முன் டிறமின் விட்டம் 7 அங்குலம். அவ்வாண்டு 1098 கன சென்ரிமீற்றர் எஞ்சின் பொருத்தப்பட்டபோது முன் டிறம் 8 அங்குலமாக்கப்பட்டது. எஞ்சின் வலுப்பெறும்போது பிறேக்கும் வலுப்பெற வேண்டும் என்பதை உற்பத்தியாளரே அன்று ஏற்றுக்கொண்டனர் என்பதை இங்கு மனங்கொள்ள வேண்டும்.

1993 இல் நான் கண்டது

பிறேக் "பிடிக்கிறது" என்னும் சொல்லை நான் எளிதில் நம்பாமைக்கு ஒரு காரணம் உண்டு. 1993 இல் எனக்குப் பதினொரு வயது. பேற்றுநோவுற்ற என் சின்னம்மாவை இரவோடிரவாக வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல, அயலவர் ஒருவர் தமது மொறிஸ் மைனரைக் கொண்டுவந்தார். நானும் உடன் சென்றேன். வளைவொன்றில் எதிரே மாட்டுவண்டி நின்றது. அண்ணை மிதியை மிதித்தார், அது தரைவரை சென்றது, வண்டி நிற்கவில்லை. அவர் வண்டியைப் பனைமட்டை வேலிக்குள் திருப்பினார். சின்னம்மாவுக்குத் தீங்கில்லை, விடியுமுன் குழந்தையும் பிறந்தது. அண்ணையின் வலக்கை முறிந்தது. அது பின்னர் செவ்வையாக நிமிரவேயில்லை.

பிறேக் எண்ணெய் கிடையாத அக்காலத்தில், சில கிழமைகளுக்கு முன் அதற்குப் பதிலாக எஞ்சின் எண்ணெயை ஊற்றியிருந்தனர். பின்னர் திருத்துநர் சிலிண்டரைக் கழற்றி, அதனுள்ளிருந்த இறப்பர்க் கிண்ணத்தை எனக்குக் காட்டினார். அது ஊறிய கடலையைப் போல் வீங்கி, விளிம்பு கிழிந்திருந்தது. பிறேக் எண்ணெய்க்கு ஏற்ற இறப்பர் கனிய எண்ணெயில் வீங்கி மென்மையாகும். முதல்நாள் மாலைவரை அந்தப் பிறேக்கும் பிடித்துக்கொண்டுதான் இருந்தது.

வெப்பத்தின் கணக்கு

பிறேக்கின் தொழில் வண்டியின் இயக்கசக்தியை வெப்பமாக மாற்றுவது. நால்வர் ஏறிய மைனரின் நிறையை ஏறத்தாழ 1000 கிலோகிராம் எனக் கொள்வோம். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் அதன் இயக்கசக்தி ஏறக்குறைய 62 கிலோயூல். 80 கிலோமீற்றரில் அது இருமடங்கன்று, நான்கு மடங்கு; அதாவது ஏறத்தாழ 247 கிலோயூல். முக்கால் லீற்றருக்கு மேற்பட்ட நீரை 30 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். இது ஒருமுறை நிறுத்துவதற்கான கணக்கு மட்டுமே.

இனி இறக்கத்தை எண்ணுங்கள். தாயிப்பிலிருந்து மக்கா நோக்கி அல்ஹதா மலைப்பாதையில் இறங்கியோர் நம்மில் பலர். ஊரில் கடுகண்ணாவை இறக்கத்தையும் அறிவோம். 1000 மீற்றர் உயரம் இறங்கும் அவ்வண்டி இழக்கவேண்டிய சக்தி, 30 லீற்றருக்கும் மேற்பட்ட நீரைக் கொதிக்கவைக்கும். தாழ்ந்த கியரில் இறங்கினால் எஞ்சின் அதில் ஒரு பங்கை ஏற்கும். எஞ்சியதைப் பிறேக் ஏற்க வேண்டும்.

டிறம் சூடேறும்போது விரிந்து சூவைவிட்டு விலகுகிறது. லைனிங்கின் உராய்வும் குறைகிறது. டிஸ்க் பிறேக்கிலோ தட்டு வெளியே காற்றில் சுழல்வதால் விரைவில் ஆறும். அது விரியினும் பிடிப்பான்களை நோக்கியே விரியும். 1953 இல் லெ மான் பந்தயத்தில் ஜகுவார் வண்டிகள் டிஸ்க் பிறேக்குடன் வென்றபின் உலகம் அதனைப் பெரிதும் நாடிற்று.

எண்ணெய்க்கும் ஓர் இயல்பு உண்டு. கிளைக்கோல் வகைப் பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 4 தர எண்ணெய் புதிதாயிருக்கையில் 230 பாகை வரையேனும் கொதித்தலாகாது. குறித்த அளவு நீர் சேர்ந்தபின் அவ்வெல்லை 155 பாகையாகத் தாழ்கிறது. எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவி நிறையும். ஆவி அமுங்கும், ஆதலால் மிதி தரைக்குச் செல்லும்.

செய்யவேண்டிய ஒழுங்கு

முதலாவது, உள்ளதை முழுமையாகச் சீராக்குதல். மாஸ்ரர் சிலிண்டர், சில்லுச் சிலிண்டர்கள், இறப்பர்க் குழாய்கள், உலோகக் குழாய்கள் அனைத்தையும் புதிதாக்க வேண்டும். மைனரின் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடித் தளத்தின் கீழ் மறைந்திருப்பதால், பலர் அதனைத் திறந்தும் பார்ப்பதில்லை. பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம். டிறமைத் திறந்ததும் காற்றடித்துத் தூசியைக் கிளப்புதல் கூடாது. ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

இரண்டாவது, 7 அங்குல முன் டிறம் உள்ள வண்டிக்கு, 1962 இன் பின் வந்த 8 அங்குலத் தொகுதியைப் பொருத்துதல். இது ஒரே குடும்பத்துப் பாகம்; வண்டியின் தோற்றமும் மாறாது. மைனருக்கான உதிரிப்பாகங்கள் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன.

மூன்றாவது, இரட்டைச் சுற்று. பழைய மைனரில் எண்ணெய்ச் சுற்று ஒன்றே. எங்கேனும் ஓரிடம் ஒழுகினால் நான்கு சில்லுகளும் பிறேக்கை இழக்கும். கேபிளால் இயங்கும் கைப்பிறேக் ஒன்றே எஞ்சும். இருபிரிவு மாஸ்ரர் சிலிண்டர் இருப்பின், ஒரு சுற்றுப் போயினும் மற்றது நிறுத்தும். அமெரிக்கா 1968 இலேயே புதிய கார்களுக்கு இதனைக் கட்டாயமாக்கிற்று.

டிஸ்க் பிறேக் இவற்றுக்குப் பின்னரே. அதனைத் தனியொரு பாகமாக வாங்கி மாட்டிவிட இயலாது. டிஸ்கின் பிடிப்பான் சிலிண்டர் பெரிது. அதற்குப் போதிய எண்ணெயைத் தள்ள மாஸ்ரர் சிலிண்டரும் பொருந்த வேண்டும். டிறமுக்கென அதனுள் சிறிது அமுக்கத்தைத் தேக்கிவைக்கும் வால்வை முன்சில்லுச் சுற்றிலிருந்து அகற்றாவிடின், பிடிப்பான்கள் தட்டைவிட்டு விலகாது உரசிக்கொண்டே இருக்கும். முன் பின் பிறேக்குகளின் சமநிலையும் கெடலாகாது. நிறுத்தும்போது வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாய்வதால், பின்சில்லுகள் முதலில் இறுகினால் வண்டி சுழலும்.

செர்வோ என்னும் துணைக்கருவியைப் பற்றியும் ஒரு சொல். அது காலின் உழைப்பைக் குறைக்குமேயன்றி, டிறம் தாங்கும் வெப்பத்தைக் கூட்டாது. மிதி இலகுவானதால் பிறேக் மேம்பட்டது என எண்ணுதல் தவறு.

விடை

நண்பரின் வண்டி 948 கன சென்ரிமீற்றர் எஞ்சினுடையது. ஊர் வீதியில் மெதுவாக ஓடப்போவது. அதற்கு டிஸ்க் தேவையில்லை. முன்னே 8 அங்குல டிறம், எங்கும் புதிய இறப்பர், புதிய குழாய், புதிய எண்ணெய், இயன்றால் இரட்டைச் சுற்று, இவை போதும். பின்னாளில் பெரிய எஞ்சின் பூட்டவோ மலைநாட்டுக்கு ஓடவோ எண்ணினால், அப்போது டிஸ்க் தொகுதி முழுவதையும் அனுபவமுள்ள திருத்துநரைக் கொண்டு மாற்றலாம்.

பழமை கெட்டுவிடும் என்று சிலர் தயங்குவர். தகப்பனாரின் வண்டியில் பேணத்தக்கவை பல உள; அதன் வடிவம், இருக்கை, ஓசை யாவும் பேணப்படட்டும். 7 அங்குல டிறமை உற்பத்தியாளரே கைவிட்டபின், அதனை நாம் பேணவேண்டிய கடமை இல்லை.

பெயின்ருக்கு ஒதுக்கிய காசை முதலில் பிறேக்குக்குச் செலவிடுமாறு அவரிடம் கூறினேன். வண்டி வீதிக்கு வருமுன் ஒரு சோதனையும் சொன்னேன்: நிறுத்திய வண்டியில் மிதியைப் பலமாக அழுத்தி, அரை நிமிடம் அப்படியே வைத்திருக்க வேண்டும். மிதி மெல்ல மெல்லக் கீழிறங்கினால், எங்கோ ஓர் இறப்பர் தோற்றுவிட்டது என்பது பொருள். அன்றைக்கு அவ்வண்டியில் எவரையும் ஏற்றுதல் ஆகாது.