'சில பிழைகள் சரிசெய்யப்பட்டன' என்றால் போதுமா?

2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. நெய்யும் வெண்ணெயும் 12 சதவீதத்திலிருந்து 5-க்கு வந்தன. சோப்பு, பற்பசை, தலை எண்ணெய் 18-லிருந்து 5-க்கு இறங்கின. விழுப்புரம் மாவட்டம் திண்டிவனத்தில் கணினியில் பில் போடும் ஒரு மளிகைக் கடைக்காரரை நினைத்துப் பாருங்கள். பில் மென்பொருளுக்கு அப்டேட் வந்துவிடும். எந்தெந்தப் பொருளுக்கு வரி மாறியது, பழைய விலைப்பட்டியலை அவரே திருத்த வேண்டுமா, முந்தைய வாரம் விற்ற சரக்கு திரும்பி வந்தால் எந்த வரியில் கழிப்பது என்பதையெல்லாம் யார் சொல்வது? ரிலீஸ் நோட்ஸ் எனப்படும் வெளியீட்டுக் குறிப்புதான் சொல்ல வேண்டும். நம் கைப்பேசிச் செயலிகள் பலவற்றில் அந்த இடத்தில் 'சில பிழைகள் சரிசெய்யப்பட்டன' என்ற ஒற்றை வரிதான் இருக்கிறது.

மாதக்கணக்கில் பலர் செய்த மாற்றங்களை, வெளியீட்டுக்கு முந்தைய நாள் மாலை ஒருவர் நினைவிலிருந்து எழுத உட்கார்ந்தால் இப்படித்தான் ஆகும். அந்தத் தொகுப்பு வேலையை இயந்திரத்திடம் கொடுத்துவிடலாம்.

இதற்கு அடித்தளம் கிட் என்ற மென்பொருள். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதியது. நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் அது 'கமிட்' என்ற பதிவாக வைத்துக்கொள்கிறது. யார், எப்போது, எந்தக் கோப்பில், எந்த வரியை மாற்றினார் என்பதோடு, மாற்றியவர் தம் சொல்லில் எழுதிய குறிப்பும் அதில் இருக்கும். ஒவ்வொரு வெளியீட்டின்போதும் 'டேக்' என்ற அடையாளம் போடுவார்கள். இரண்டு டேக்குகளுக்கு நடுவே வந்த கமிட்டுகளை ஒரே கட்டளையில் எடுத்துவிடலாம்.

கமிட் குறிப்பின் முதல் சொல் 'ஃபிக்ஸ்' என்றால் பிழைத்திருத்தம், 'ஃபீட்' என்றால் புதிய வசதி என்ற வழக்கத்தைப் பல குழுக்கள் பின்பற்றுகின்றன. கருவி அதைப் படித்துத் தலைப்புவாரியாகப் பட்டியலிடும், பதிப்பு எண்ணையும் தானே உயர்த்தும். 2.4.1-இல் பிழை மட்டும் திருத்தினால் 2.4.2. வசதி சேர்ந்தால் 2.5.0. பழைய பயன்பாட்டுக்கு ஒத்துவராத மாற்றம் என்றால் 3.0.0.

வகைபிரிக்கும் பழக்கம் பழையது. டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளை உருவாக்கிய டொனால்டு நூத், 1978 முதல் தம் திருத்தங்களைக் குறித்துவந்தார். வழிமுறைத் தவறு, மறந்துபோன வசதி, எதிர்பாராத சூழல், எழுத்துப்பிழை என்று 15 வகைகளாக்கி, வகைக்கு ஓர் எழுத்து கொடுத்து, 1989-இல் அதையே ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். எதை மாற்றினேன் என்பதோடு எங்கே, ஏன் தவறினேன் என்றும் எழுதினார். அந்த நேர்மைக்கு முன்னால் நம் ஒற்றை வரி தலைகுனிய வேண்டும்.

மாற்றியவர் எழுதாவிட்டால் அந்த 'ஏன்' இயந்திரத்துக்கு எட்டாது. '18 என்பது 5 ஆனது' என்று கமிட்டைப் பார்த்தே கருவி சொல்லிவிடும். அரசு வரியைக் குறைத்ததாலா, முதலிலேயே தவறாகப் போட்டிருந்ததாலா என்பது அந்த எண்ணில் இல்லை. அரசு குறைத்தது என்றால் கடைக்காரர் நேற்றைய பில்லைத் தொட வேண்டியதில்லை. தவறு என்றால் பழைய கணக்கையே திறக்க வேண்டும். இப்போது செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் கமிட்டுகளைப் படித்துச் சரளமாகக் குறிப்பு எழுதித் தருகின்றன. காரணம் எழுதப்படாத இடத்தில் அவை ஊகித்தும் நிரப்பும். சரளமான பொய்க் காரணம் அந்த ஒற்றை வரியைவிட ஆபத்தானது.

காரணத்தோடு எழுதும் வழக்கம் ரயில்வேயில் உண்டு. விழுப்புரம் சந்திப்பு வழியே போகும் ரயில் ஓட்டுநர்கள் 'காஷன் ஆர்டர்' என்ற தாளை அறிவார்கள். எந்தக் கிலோமீட்டர் முதல் எதுவரை, என்ன வேகம், என்ன காரணம் என்று அதில் இருக்கும். 'தண்டவாளத்தில் சில வேலைகள் நடந்தன' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் வண்டியை எப்படி ஓட்டுவது? லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலிலும் இந்தக் கண்டிப்பு உண்டு. ஒன்பது, பத்து வாரத்துக்கு ஒரு வெளியீடு, ஒவ்வொன்றிலும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கமிட்டுகள். பிழையைத் திருத்துபவர், அந்தப் பிழை எந்தக் கமிட்டில் நுழைந்தது என்று அதன் அடையாள எண்ணின் முதல் 12 எழுத்துகளோடு குறிக்க வேண்டும் என்பது அங்கே விதி.

மாற்றங்கள் எவ்வளவு விரைவாக, எவ்வளவு பழுதின்றிப் பயனரைச் சேர்கின்றன என்று காட்டும் டெலிவரி ரிப்போர்ட்டையும் இதே பதிவுகளிலிருந்து தொடங்கலாம். கமிட் பயனரைச் சேர எத்தனை நாள் என்பது கிடைக்கும்; பழுதுப் பதிவையும் சேர்த்தால் எத்தனை வெளியீடுகள் பழுதாயின, சரிசெய்ய எவ்வளவு நேரம் என்பவையும் கிடைக்கும். யார் எத்தனை கமிட் போட்டார் என்று ஆளை அளக்க மட்டும் இதை எடுக்கக் கூடாது. அப்படி அளந்தால் ஒரே மாற்றம் பத்துத் துண்டாக வரும்.

இதையெல்லாம் இந்த மாவட்டத்திலேயே செய்யலாம். 2024 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் மினி டைடல் என்ற தகவல் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. விழுப்புரம் குனு லினக்ஸ் பயனர் குழு மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளைக் கற்றுத்தருகிறது. திண்டிவனம் கடைக்கு வேண்டிய மென்பொருளை இந்த மாவட்டத்துப் பிள்ளைகளே எழுதலாம். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மாற்றம் செய்த கையோடு கமிட்டில் காரணத்தை ஒரு வரி எழுதுங்கள். தமிழில் எழுதினாலும் கிட் அப்படியே வைத்துக்கொள்ளும். பட்டியலைக் கருவி தொகுக்கட்டும். வெளியே அனுப்புமுன் அதை ஒரு கடைக்காரரிடம் காட்டி, புரிகிறதா என்று கேளுங்கள்.