அஞ்சு கேமராவும் அவுட்!

உங்க வீட்டுல முதல் கேமரா எதுக்கு வாங்கினாங்க? அநேகமா, பாப்பா பிறந்ததுக்காக இருக்கும். இமாத் பர்னாத் வாங்கினதும் அதுக்குத்தான் ஃப்ரெண்ட்ஸ். 2005-ல் அவருக்கு நாலாவது பையன் ஜிப்ரீல் பிறந்தான்.

இமாத் ஒரு விவசாயி. ஊர், பாலஸ்தீனத்தின் மேற்குக் கரையில் ரமல்லா பக்கம் இருக்கிற பிலின். 1967 போரில் இருந்து இஸ்ரேல் ராணுவத்தின் பிடியில் இருக்கிற பகுதி. கேமரா வந்த நேரம், ஊர் நிலத்துக்குள்ள வேலி போட புல்டோசரும் வந்துடுச்சு. ஆலிவ் தோப்பெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம்! வெள்ளிக்கிழமை தோறும் ஊர்க்காரங்க வேலியை நோக்கி ஊர்வலம் போக, இமாத் கேமராவோட கூடவே போனார்.

கண்ணீர்ப் புகைக் குண்டு பட்டு ஒரு கேமரா காலி. இன்னொண்ணுல தோட்டாவே பாய்ஞ்சுது. கேமரா குறுக்கே இல்லைன்னா இமாத் காலி! இப்படி உடைஞ்ச அஞ்சு கேமராக்களின் கதைதான் '5 ப்ரோக்கன் கேமராஸ்' (2011). அவரோட சேர்ந்து இயக்கியவர் கை டேவிடி, ஓர் இஸ்ரேலியர்.

சிம்போசியத்துக்கு மூணு நிமிஷ வீடியோ எடுக்க, 'ட்ரைபாட் இல்லை'னு ஒரு வாரம் புலம்பின கோஷ்டி நாங்க. ஹாஸ்டல்ல லேப்டாப்பைச் சுத்தி உட்கார்ந்து இந்தப் படம் பார்த்தப்ப, பேச்சு மூச்சே இல்லை.

ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் செல்லம், பாஸம் அபு ரஹ்மா. பட்டப்பெயர் 'ஃபீல்'. அரபியில் யானை! 2009 ஏப்ரலில், போராட்டத்தின்போது கண்ணீர்ப் புகைக் குண்டு நெஞ்சுல பட்டு இறந்துட்டார். அதுக்கப்புறம் ஜிப்ரீல் அப்பாகிட்ட, ராணுவத்தைக் கத்தியால ஏன் கொல்லலைனு கேட்கிறான். பாப்பா சிரிக்கிறதை எடுக்க வாங்கின கேமராங்க அது!

வேலியை நகர்த்தச் சொல்லி இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் 2007-ல் தீர்ப்பு கொடுத்தது. நகர்ந்தது 2011-ல். கொஞ்சம் நிலம் திரும்பிச்சு, முழுசா இல்லை.

2013-ல் படம் ஆஸ்கர் பட்டியலுக்குப் போச்சு. மனைவி, ஜிப்ரீலோட விழாவுக்குக் கிளம்பினார் இமாத். லாஸ் ஏஞ்சல்ஸ் ஏர்போர்ட்ல நிறுத்திட்டாங்க. 'விழாவுக்குத்தான் வந்தீங்கன்னு என்ன அத்தாட்சி?'னு விசாரணை. ஒருவழியா விட்டாங்க. வெளியே வந்தவர் பெருசா அலட்டிக்கலை. மேற்குக் கரையில் இது தினசரி நடக்கிறதுதான்னுட்டார்.