சூளைக்குப் போகும் பிள்ளைகளும் பள்ளிப் பதிவேடும்

வறுமை பிள்ளையின் படிப்பைக் கெடுக்கிறது என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். எந்த மாதத்தில், எந்த வழியாகக் கெடுக்கிறது என்று பார்த்தால்தான் அதைத் தடுக்கும் இடமும் தெரியும். இடம்பெயர்ந்து பிழைக்கும் செங்கல் சூளைக் குடும்பங்களின் பிள்ளைகளிடம் இது தெளிவாகவே தெரிகிறது.

மழை ஓய்ந்து பொங்கலை ஒட்டிச் சூளை வேலை சூடுபிடிக்கும். அடுத்த மழைக்காலம் நெருங்கும் வரை கல் அறுப்பு நடக்கும். திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு வட்டாரச் சூளைகளுக்குத் தமிழ்நாட்டின் வேறு மாவட்டங்களிலிருந்தும், ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா பகுதிகளிலிருந்தும் குடும்பங்கள் வந்து தங்குகின்றன. வரும் முன்பே முன்பணம் வாங்கியிருப்பார்கள். திருமணச் செலவு, மருத்துவச் செலவு, பழைய கடன் என்று அந்தப் பணம் ஊரிலேயே தீர்ந்திருக்கும். அதைக் கழிக்கத்தான் மொத்தக் குடும்பமும் கிளம்புகிறது. தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் மூன்றாம் பருவம் தொடங்குவதும் ஜனவரியில்தான். மூன்றாம் பருவப் புத்தகம் கைக்கு வருவதற்குள் பிள்ளை ஊரில் இருப்பதில்லை.

சூளையில் கூலி ஆளுக்கு இத்தனை என்று கிடையாது. அறுத்த கல் ஆயிரத்துக்கு இத்தனை என்றுதான் கணக்கு. எண்ணிக்கை கூடினால்தான் முன்பணம் குறையும் என்பதால், சின்னக் கையும் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. பச்சைக் கல்லை வெயிலில் புரட்டிப் போடும் வேலை பிள்ளைகளிடம் வருகிறது. எடை குறைந்தவர்கள் வரிசைக்கு நடுவே நடந்தால் கல் நசுங்காது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். வேலை செய்யாத பிள்ளைக்கும் ஓய்வில்லை. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டின் மூத்த பெண் பிள்ளை குடிசையிலேயே நிற்கிறாள். பக்கத்தில் ஓர் அங்கன்வாடி இயங்கினால் அவள் பள்ளிக்குப் போக முடியும். அவள் படிப்பு நின்றதற்குப் பள்ளியில் மட்டும் காரணம் தேடினால் இது கண்ணில் படாது.

உணவும் இதில் சேர்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கி அடுத்த ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த காலை உணவுத் திட்டமும், 1982இல் வந்த சத்துணவுத் திட்டமும் ஏழைப் பிள்ளையை வகுப்பில் உட்கார வைத்த பெரிய காரியங்கள். வெறும் வயிற்றோடு வந்த பிள்ளைக்குப் பாடத்தில் கவனம் நிற்காது என்பதை ஆசிரியர்கள் நன்றாக அறிவார்கள். ஆனால் இவை பள்ளிக்குள் வரும் பிள்ளைக்கான உணவு. படிப்பு நிற்கும் அன்றே அந்தத் தட்டும் நின்றுபோகிறது.

மீண்டும் ஜூனில் ஊர் திரும்பும்போது பிள்ளை அடுத்த வகுப்பில் இருக்கும். பெருக்கலோடு விட்டுப்போன பிள்ளைக்கு முன்னால் வகுத்தல் தெரிந்த வகுப்பு உட்கார்ந்திருக்கும். இரண்டு மூன்று ஆண்டுகள் இப்படியே போனால், எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளை ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும். அப்போதுதான் 'இதுக்குப் படிப்பு ஏறாது' என்ற தீர்ப்பு வருகிறது, சில நேரம் பெற்றோர் வாயிலிருந்தே. இது அநியாயமான தீர்ப்பு. பாடம் நடந்த நாட்களில் அந்தப் பிள்ளை வகுப்பில் இல்லை; அவ்வளவுதான் நடந்தது. இதைத் திறமைக் குறைவு என்று எழுதிவிட்டால் பள்ளி செய்ய வேண்டியது எதுவும் இல்லாமல் போய்விடும்.

சட்டம் பள்ளியின் பொறுப்பைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை இலவசக் கல்வியைப் பிள்ளையின் உரிமையாக்கியது. இடம்பெயரும் குடும்பங்களின் பிள்ளைகளைச் சேர்ப்பதை உறுதிசெய்வது உள்ளாட்சி அமைப்பின் கடமை என்று அதன் 9ஆம் பிரிவு தனியாகவே குறிப்பிடுகிறது. மாநிலம் விட்டு மாநிலம் போனாலும் வேறு பள்ளிக்கு மாறும் உரிமையை 5ஆம் பிரிவு தருகிறது. மாற்றுச் சான்றிதழைத் தலைமையாசிரியர் உடனே தர வேண்டும். தாமதித்தால் அவர் மீது ஒழுங்கு நடவடிக்கை உண்டு. சான்றிதழ் வராததைக் காரணம் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. வயதுச் சான்று இல்லை என்பதும் மறுப்பதற்குக் காரணமாகாது. 'டி.சி. வாங்கிட்டு வாங்க' என்று திருப்பி அனுப்பப்பட்ட பெற்றோர் அன்றைக்கே திரும்பிப் போய்க் கேட்க உரிமை உள்ளவர்கள்.

இடையில் நின்ற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்ட பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்பது 4ஆம் பிரிவு. அப்படிச் சேர்ந்த பிள்ளைக்கு 14 வயது தாண்டினாலும் எட்டாம் வகுப்பு முடியும் வரை கல்வி இலவசம். பெற்றோர் பெரும்பாலும் கேட்காமல் விடுவது இந்தச் சிறப்புப் பயிற்சியைத்தான். சேர்க்கையோடு நிறுத்தாமல், பயிற்சி எப்போது, எங்கே நடக்கும் என்றும் கேட்க வேண்டும். ஒடியா பேசும் பிள்ளை தமிழ் வகுப்பில் வாய் திறக்காமல் இருப்பதைப் பயிற்சி என்று சொல்ல முடியாது.

சேர்க்கை மறுக்கப்பட்டால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் புகார் தரலாம். பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்கிக்கொள்வது நல்லது. தமிழ்நாட்டில் கல்வி உதவி எண் 14417. பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098. சட்டத்தின் 32ஆம் பிரிவுப்படி உள்ளாட்சி அமைப்பிடம் தரும் எழுத்துப் புகாரின் மீது மூன்று மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்பதால், எந்த வீட்டுப் பிள்ளை எந்த மாதம் கிளம்புகிறது என்று முன்கூட்டியே அறிந்து தலைமையாசிரியரிடம் சொல்ல வேண்டியவர்களும் அவர்களே.

குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தத்துக்குப் பிறகு 14 வயது நிறையாத பிள்ளையை எந்தத் தொழிலிலும் வேலைக்கு வைப்பது குற்றம். 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டுமே விதிக்கலாம். சொந்தக் குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பிறகு உதவுவதற்கு ஒரு விலக்கு உண்டு. அந்த விலக்கைக் காட்டிச் சூளை முதலாளி தப்பிக்க முடியாது, ஏனென்றால் சூளை அந்தக் குடும்பத்தின் தொழில் அல்ல.

வேரில் இருப்பது முன்பணம். அதைக் காட்டி ஊர் திரும்பவும் வேறு வேலை தேடவும் விடாமல் வைத்திருந்தால், 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழில் ஒழிப்புச் சட்டப்படி அது கொத்தடிமைத்தனம். மாவட்ட ஆட்சியர் அல்லது வருவாய்க் கோட்டாட்சியரிடம் யார் வேண்டுமானாலும் மனு தரலாம். விசாரணையில் உறுதியானால் விடுவிப்புச் சான்றிதழும் மறுவாழ்வு உதவியும் கிடைக்கும். அந்தக் கடனும் சட்டப்படி அற்றுப்போகிறது. பிறகு அதைக் கேட்டு யாரும் வாசலுக்கு வர முடியாது. அடுத்த தை மாதம் குடும்பம் கிளம்பாமல் இருப்பதற்கும், பிள்ளை மூன்றாம் பருவத்தை ஊர்ப் பள்ளியிலேயே முடிப்பதற்கும் இந்தச் சான்றிதழ் வழி திறக்கிறது.