காரை வாங்கும் முன் பல்சக்கரத்தைத் தேடுங்கள்

விளையாட்டுக் காருக்கு உதிரிப் பாகமா, அதற்கு ஒரு கலந்துரையாடலா என்று எங்கள் ஒளிப்பதிவுக் குழுவிலேயே சிலர் சிரித்தார்கள். பேச்சு தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. அரங்கிற்கு வந்திருந்த பெற்றோரில் பாதிப் பேருடைய வீட்டில், அலமாரிக்கு மேலே, ஓடாத ரிமோட் கார் ஒன்று தூசி படிந்து கிடக்கிறது என்பது தெரிய வந்தது. மாசாயிலிருந்து வந்த ஒரு தந்தை சொன்னார்: "தீபாவளிக்கு 180 வெள்ளி கொடுத்து வாங்கினேன் தம்பி. மூன்றாவது வாரம் பின்சக்கரம் சுற்றவில்லை. திறந்து பார்த்தால் ஒரே ஒரு பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது, சுண்டுவிரல் நகத்தளவுதான். கடையில் கேட்டால் வேறு கார் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள்."

நகத்தளவு பிளாஸ்டிக்குக்காக ஒரு முழுக் காரைக் குப்பையில் போடுவதா? அன்றைய பேச்சு முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றியே போயிற்று. அரங்கில் பேசியதையும், நேரமின்மையால் பேச முடியாமல் போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்வோம். வானொலி அலையால் இயங்கும் கார்கள் இரண்டு சாதி. ஒன்று, பேரங்காடியில் பெட்டியோடு அடுக்கி வைத்திருக்கும் விளையாட்டுச் சாமான். அதை வடிவமைத்தவர் அதைப் பழுது பார்ப்பார்கள் என்று நினைத்தே செய்யவில்லை. இன்னொன்று, பொழுதுபோக்குக் கார். அது உடையும் என்று தெரிந்தே செய்யப்பட்டது. ஒவ்வொரு துண்டும் கழற்றி மாட்டும்படி இருக்கும், ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு எண் இருக்கும். ஆனால் வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோல இருப்பதால்தான் நம் மக்கள் ஏமாந்து போகிறார்கள். விலையை வைத்தும் சொல்லிவிட முடியாது. இன்று 200, 300 வெள்ளிக்கு விளையாட்டுச் சாமானும் கிடைக்கிறது, நல்ல பொழுதுபோக்குக் காரும் கிடைக்கிறது.

கடையிலேயே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. முன்சக்கரத்தைத் திருப்பும் சின்ன மோட்டார் பெட்டிக்கு செர்வோ என்று பெயர். அதிலிருந்து வரும் கம்பிகளை எண்ணுங்கள். மூன்று கம்பி என்றால் அது உலகம் முழுக்கப் பொதுவான வகை. கெட்டுப்போனால் அளவும் வலுவும் பார்த்து எந்த நிறுவனத்தின் செர்வோவையும் மாட்டலாம். ஐந்து கம்பி என்றால் அந்தக் காருக்கென்றே செய்தது. அதோடு, அலைவாங்கியும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் ஒரே பலகையில் ஒட்டியிருக்கிறதா, தனித்தனியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரே பலகை என்றால் ஏதேனும் ஒன்று புகைந்தாலும் இரண்டும் போயிற்று. ஐந்து கம்பிக் காரை வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. விலை மலிவாக இருந்து, அதே பலகையைத் தனியாக விற்கிறார்கள் என்றால் வாங்கலாம். சீனாவின் டபிள்யூ.எல்.டாய்ஸ் போன்ற நிறுவனங்களின் கார்களுக்குப் பாகங்கள் தனித்தனியாக இணையச் சந்தையில் விற்பனைக்கு வருகின்றன. வாங்கும் முன் கைப்பேசியில் தேடிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

மேலுடல் அல்ல, அடிச்சட்டம்

பிள்ளைகள் காரின் மேலுடலைப் பார்த்து ஆசைப்படுகிறார்கள். சுபாரு வேண்டும், ஸ்கைலைன் வேண்டும் என்கிறார்கள். அப்பாவோ அம்மாவோ கேட்க வேண்டியது வேறு: "அடிச்சட்டத்தின் பெயர் என்ன?" ஜப்பானின் ஷிசுவோகா நகரைச் சேர்ந்த தாமியா நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். (நம் ஊரில் தாமியா என்றாலே இரண்டு சிறு பேட்டரி போட்டு, தடுப்புச் சுவர் வைத்த பாதையில் தானாக ஓடும் குட்டிக் கார்தான் பலருக்கு நினைவு வரும். அது மினி 4டபிள்யூ.டி. அதற்கு ரிமோட் கிடையாது.) அந்த நிறுவனம் முதல் ரிமோட் காரான போர்ஷே 934-ஐ 1976-இல் வெளியிட்டது. இன்று அதன் சாலைக் கார்களில் மிகப் பரவலானது டி.டி.02 என்ற அடிச்சட்டம். 2013-இல் வந்தது. அதற்கு முன் 2003-இல் வந்தது டி.டி.01. இந்த ஒரே சட்டத்தின் மேல் எத்தனையோ விதமான மேலுடல்களை மாட்டி விற்கிறார்கள். மேலுடல் ஒரு வருடத்தில் சந்தையை விட்டுப் போகலாம். ஆனால் அடிச்சட்டத்தின் பாகங்கள் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும், ஏனென்றால் நாளை வரப்போகும் காருக்கும் அதே பாகம்தான் வேண்டும்.

பெரோடுவா கஞ்சிலை நினைத்துப் பாருங்கள். 1994-இல் சாலைக்கு வந்த கார், 2009-இல் தயாரிப்பு நின்றது. இன்றும் குளுவாங்கிலோ சிகாமட்டிலோ ஒரு பட்டறையில் நிறுத்தினால் பாகம் கிடைக்கிறது. அதிகம் விற்ற காருக்குப் பாகம் நீண்ட நாள் வாழும். பெரிய காருக்குச் சொன்னதுதான் குட்டிக் காருக்கும்.

அடிச்சட்டம் தெரிந்தால் அடுத்தது எண். தாமியா கார்ப் பெட்டியோடு வரும் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் பாகப் பட்டியல் இருக்கும். ஐந்து இலக்க எண்கள். பிளாஸ்டிக் பாகங்கள் தனித்தனியாக அல்லாமல் சட்டகம் சட்டகமாக வரும், 'ஏ' பாகம், 'பி' பாகம் என்று. சக்கரத்தைத் தாங்கும் கை ஒன்று உடைந்தால் அந்தச் சட்டகத்தையே வாங்க வேண்டியிருக்கும். சிலருக்கு இது எரிச்சலாக இருக்கும். எனக்கு அது நல்லது என்றே படுகிறது. உடைந்ததுபோக மிச்சமுள்ள துண்டுகள் ஒரு பிஸ்கட் டின்னில் சேர்ந்துகொண்டே வரும், அடுத்த வருடம் கைகொடுக்கும். கையேட்டைத் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். தொலைந்துவிட்டால் இணையத்தில் தேடி ஒரு படி எடுத்து வையுங்கள்.

எங்கும் கிடைக்கும் பாகம், எங்கும் கிடைக்காத பாகம்

அரங்கில் அதிக நேரம் எடுத்துக்கொண்டது இந்தப் பகுதிதான். ஒரு காரில் உள்ள பாகங்களில் பாதி, உண்மையில் அந்த நிறுவனத்திற்கு மட்டும் சொந்தமானவை அல்ல. பத்தில் ஒரு பங்கு அளவிலான கார்களில் பெரும்பாலானவை 12 மில்லிமீட்டர் அறுகோணச் சக்கரப் பிடியைப் பயன்படுத்துகின்றன. ஆகவே சக்கரமும் டயரும் எந்த நிறுவனத்தினுடையதாகவும் இருக்கலாம். மோட்டார் 540 என்ற பொது அளவு. ஸ்குருக்கள் பெரும்பாலும் 3 மில்லிமீட்டர், இரும்புச் சாமான் கடையிலேயே கிடைக்கும். டி.டி.02 போன்ற மலிவு வகைகளில் சக்கர அச்சைத் தாங்குவதற்கு உருளும் பேரிங்குக்குப் பதிலாக வெறும் வளையங்களைப் போட்டுக் கொடுக்கிறார்கள். அவை தேய்ந்தால் அச்சு ஆடும், அச்சு ஆடினால் பல்சக்கரம் சரியாகப் பொருந்தாமல் தேயும். பல கார்களின் பல்சக்கரம் சாவது மோட்டாரால் அல்ல, இந்த வளையத்தால்தான். முதல் நாளே அதை எடுத்துவிட்டு 5க்கு 11க்கு 4 மில்லிமீட்டர் பேரிங் போட்டுவிடுங்கள். பொழுதுபோக்குக் கடையில் 1150 என்பார்கள். தொழிற்சாலைகளுக்குப் பேரிங் விற்கும் கடையில் எம்.ஆர்.115 என்று கேளுங்கள். பாசிர் கூடாங் போன்ற தொழில் நகரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேரிங்குக்கு நாம் ஏன் ஜப்பானைப் பார்க்க வேண்டும்?

இன்னொரு சின்ன விஷயம், பெரிய நட்டத்தைத் தவிர்க்கும். ஜப்பானியக் கார்களின் ஸ்குருத் தலையில் இருக்கும் கூட்டல் குறி, வீட்டில் இருக்கும் சாதாரண பிலிப்ஸ் திருப்புளிக்குச் சரியாகப் பொருந்தாது. ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானிய அளவுத் திருப்புளி வேண்டும். அது இல்லாமல் அழுத்தித் திருப்பினால் தலை மழுங்கிவிடும். பிறகு அந்த ஸ்குருவை எடுக்கப் போய் நல்ல பாகத்தையும் உடைப்போம்.

அந்த நிறுவனத்திடமிருந்து மட்டுமே வரக்கூடியவை எவை? பல்சக்கரப் பெட்டி, சக்கரத்தைத் தாங்கும் கைகள், அடிச்சட்டம், மேலுடல். ரிமோட்டும் அலைவாங்கியும் ஒரு ஜோடி. ஒரு நிறுவனத்தின் அலைவாங்கி இன்னொரு நிறுவனத்தின் ரிமோட்டோடு பொதுவாகப் பேசாது. இரண்டையும் சேர்த்து மாற்றிவிடலாம், அது பெரிய தலைவலி இல்லை. காரோடு சேர்த்தே, முதல் நாளே, முன்பக்கக் கைகள் ஒரு செட்டும் பல்சக்கரங்கள் ஒரு செட்டும் வாங்கி வையுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. சுவரில் மோதும்போது முதலில் போவது முன்பக்கம்தான்.

நிறுவனமே போய்விட்டால்?

இது வெறும் பயம் அல்ல. அமெரிக்காவின் ஹாபிகோ நிறுவனம் 2018 ஜனவரியில் நொடிப்பு நிலைக்கு விண்ணப்பித்தது. அர்மா, ஆக்ஸியல் என்ற புகழ்பெற்ற பெயர்கள் அதன் கையில்தான் இருந்தன. அவற்றை வைத்திருந்தவர்கள் கலங்கிப் போனார்கள். நல்லவேளையாக அதே ஆண்டில் ஹரைசன் ஹாபி நிறுவனம் அந்தப் பெயர்களை வாங்கித் தொடர்ந்து நடத்தியது. எல்லாருக்கும் இந்த அதிர்ஷ்டம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. பெயர் பிழைத்தாலும் பழைய மாடலுக்குப் பாகம் செய்வார்கள் என்ற உறுதியும் இல்லை.

நேர்மாறான கதையும் உண்டு. தாமியாவின் ஹார்னெட், கிராஸ்ஹாப்பர் இரண்டும் 1984-இல் வந்தவை. ஹார்னெட்டை 2004-இலும் கிராஸ்ஹாப்பரை 2005-இலும் மறுபடி வெளியிட்டார்கள். அப்பா சிறுவனாக இருந்தபோது ஓட்டிய காருக்குப் பல பாகங்கள் மகன் காலத்தில் புதிதாகக் கிடைத்தன! சில பாகங்களில் சிறு மாற்றம் செய்திருக்கிறார்கள். ஆகவே பழைய காருக்கு வாங்குகிறவர்கள் படத்தை ஒப்பிட்டுப் பார்த்தே வாங்க வேண்டும். பழைய காரை வைத்திருப்பவர்கள் அவசரப்பட்டு எறிந்துவிடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

நம் ஜொகூர் வானிலையையும் கொஞ்சம் பேச வேண்டும். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓட்டுவது பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அந்த மண் அச்சுக்குள் புகுந்தால் உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும். ஓட்டி முடித்ததும் தூரிகையால் தட்டித் துடையுங்கள். ஈரமாக இருந்தால் சக்கரத்தைக் கழற்றிக் காயவைத்து, பேரிங்கில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். காரைத் தாழ்வாரத்து வெயிலில் வைக்காதீர்கள். பிளாஸ்டிக் நொறுங்கும், டயர் வெடிக்கும். லித்தியம் பாலிமர் பேட்டரியை நிரப்பியபடியே வாரக்கணக்கில் வைத்திருந்தால் உப்பிப் போகும். ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்து அடுக்கி வையுங்கள், நல்ல சார்ஜர்களில் அதற்கென்றே ஒரு வசதி உண்டு. உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜ் செய்யாதீர்கள், நல்ல பேட்டரியையும் ஆள் இல்லாத வீட்டில் சார்ஜில் போடாதீர்கள். இதில் விளையாட்டே வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஜொகூர் பாருவில் இருக்கும் நமக்கு ஒரு வசதி, பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர். இணையம் வழி வாங்குவதும் எளிது. 2024 ஜனவரி 1 முதல், வெளிநாட்டிலிருந்து இணையம் வழி வரும் 500 வெள்ளிக்கு மேற்படாத பொருள்களுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் உள்ளூரில் வாங்குவதில் ஒரு பலம் இருக்கிறது. பலருக்கு அது தெரியாது.

1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 37-ஆவது பிரிவு உதிரிப் பாகத்தைப் பற்றியே பேசுகிறது. பயனீட்டாளருக்கு ஒரு பொருளை விற்றால், அதைப் பழுது பார்க்கும் வசதியும் உதிரிப் பாகமும் நியாயமான காலம் வரை கிடைப்பதற்கு, தயாரிப்பாளரும் விற்பனையாளரும் நியாயமான நடவடிக்கை எடுப்பார்கள் என்ற உத்தரவாதம் அந்த விற்பனைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. ரசீதில் எழுதவில்லை என்றாலும் அது உண்டு. தயாரிப்பாளருக்கு மலேசியாவில் அலுவலகம் இல்லையென்றால், இறக்குமதி செய்தவரே தயாரிப்பாளர் இடத்தில் நிற்க வேண்டும்.

ஒரு விதிவிலக்கும் உண்டு. "இதற்குப் பாகம் கிடைக்கும் என்று நாங்கள் உறுதி கூறவில்லை" என்று விற்கும்போதோ அதற்கு முன்போ வாங்குபவருக்குத் தெரியப்படுத்தியிருந்தால் இந்த உத்தரவாதம் பொருந்தாது. ஆகவே பெட்டியின் மூலையில் பொடி எழுத்தில் இருப்பதையும் படியுங்கள். தவுக்கேயிடம் நேரடியாகக் கேளுங்கள்: "பாஸ், இதற்குப் பல்சக்கரம் வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் தருவித்துக் கொடுப்பீர்களா?" முடியும் என்றால் அதை ரசீதின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது வாட்ஸ்அப்பில் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். நல்ல கடைக்காரர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

பேசியும் தீரவில்லை என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறார்கள். மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். பொதுவாக வழக்கறிஞர் தேவையில்லை, நாமே பேசலாம். மாசாய்த் தந்தை அங்கே போனால் வெற்றி நிச்சயம் என்று நான் சொல்லமாட்டேன். 180 வெள்ளிப் பொருளுக்கு நியாயமான காலம் எவ்வளவு என்பதை மன்றம்தான் முடிவு செய்யும். மூன்று வாரம் என்பது எவர் கணக்கிலும் குறைவுதான். ரசீது, பெட்டி, தேய்ந்த பல்சக்கரம் மூன்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். முதலில் கடைக்கு எழுத்து மூலம் கேட்டு, பதிலுக்கு ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். மனுவோடு அந்தக் கடிதத்தின் படியையும் இணைக்க வேண்டியிருக்கும்.