டிரேப்பர் ஹெட்டர் நம் வயலுக்கு ஏற்றதா?

டெல்டா மாவட்டங்களில் இயந்திர உதிரிபாகக் கடை நடத்தும் அன்பர்கள் சிலர், "அண்ணாச்சி, அறுவடை வண்டிக்கு டிரேப்பர் ஹெட்டர் கேட்கிறார்கள், வரவழைக்கலாமா?" என்கிறார்கள். பணத்தை முடக்கும் முன் பொருளைப் புரிந்துகொள்வது நல்லது.

ஹெட்டர் என்பது வண்டியின் முன்பகுதி. ரீல் பயிரைச் சாய்த்துக் கொடுக்க, கத்தி வெட்டும். வெட்டிய பயிரை வண்டியின் வாய்க்குக் கொண்டுசேர்ப்பதில்தான் வேறுபாடு. நம் ஊர் வண்டிகளில் அந்த வேலையை ஆகர் என்ற திருகு உருளை செய்கிறது. டிரேப்பரில் அதற்குப் பதிலாக ரப்பர் பூசிய அகலத் துணிப்பட்டை ஓடும். பயிர் அதில் படுத்தபடியே சீராக உள்ளே போகும். மணி உதிர்வதும் குறையும்.

கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் கோதுமை வயல்களில் 30, 40 அடி அகல ஹெட்டர்கள் ஓடுகின்றன. அவ்வளவு நீளத் திருகில் பயிர் கொத்துக் கொத்தாகச் சேரும். ஆகவே அங்கே டிரேப்பருக்குக் கொடுக்கும் விலை தகும்.

நம் சேற்று வயலில் இறங்கும் பெல்ட் டைப் வண்டியின் வெட்டு அகலம் சுமார் 2 மீட்டர்தான். பஞ்சாபிலிருந்து வரும் டயர் வண்டிகள் பெரும்பாலும் 14 அடி. இந்த அகலத்துக்கு ஆகரே போதும். டிரேப்பர் போட்டால் முன்பாரம் கூடலாம், பட்டைக்கும் உருளைக்கும் நடுவே சேறு புகும். மழையில் சாய்ந்த நெல்லைத் தூக்குவது ரீல் விரல்களின் வேலை. பட்டை அதற்கு உதவாது.

அப்படியும் ஒருவர் கேட்டால் வண்டியின் மாடல், வாய் அளவு, ஹைட்ராலிக் சக்தி, தாங்கும் எடை ஆகிய நான்கையும் எழுத்தில் வாங்கி, முன்பணம் பெற்ற பிறகே ஆர்டர் கொடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. நம் வாடிக்கையாளர் 'பெல்ட்' என்றால் வண்டி ஓடும் ரப்பர் டிராக்காக இருக்கலாம், வி-பெல்ட்டாக இருக்கலாம், இப்போது டிரேப்பர் பட்டையாகவும் இருக்கலாம். ஒரு குறுவைச் சமயம் ஒரு கடைக்காரர் போனில் பெல்ட் கேட்டார். நான் பாக எண்ணைக் கேட்காமல் வி-பெல்ட்டை லாரியில் ஏற்றிவிட்டேன். அவருக்கு வேண்டியது வேறு அளவு. சரியானது போய்ச் சேருமுன் மழை பிடித்துக்கொண்டது. 3 நாள் வண்டி நின்றது. நெல் நனைந்தது. தவறு என்னுடையதே. அன்று முதல் பாக எண் இல்லாமல் பில் போடுவதில்லை.

கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத வரம்பு பொதுவாக 17 சதவீதம். ஒரு நாள் தாமதமும் விவசாயிக்கு நஷ்டம். ஆகவே கத்தி பிளேடு, ரிவெட், ஆகர் விரல், ரீல் விரல், வி-பெல்ட், செயின், பேரிங் ஆகியவற்றை மாடல்வாரியாகக் குறுவைக்கு முன் ஆகஸ்டிலும், சம்பாவுக்கு முன் டிசம்பரிலும் நிரப்பி வையுங்கள். அவசரத்துக்கு உதவிய கடையை வாடிக்கையாளர் மறப்பதில்லை.