மடியை இளக்கும் ஒன்பது மணிகள்

ஈச்சிலம்பற்றுப் பகுதியில் மாட்டுப் பட்டி வைத்திருப்போர், பால் கறக்க உட்காருமுன் கன்றை அவிழ்த்துவிடுவர். அது நாலு தரம் முட்டிக் குடித்த பின்னரே மடி இளகும். கன்றைக் காணாத நாட்டுப்பசு பாலை ஒளித்துக்கொள்ளும். கன்று இறந்துவிட்டால், அதன் தோலில் வைக்கோல் திணித்துத் தாயின்முன் நிறுத்துவது பழைய வழக்கம். பசு அதனை நக்கும், பால் இறங்கும். இங்கே ஏமாறுவது மடியன்று, மூளையே.

கன்றின் வாய் காம்பிற் பட்டதும் செய்தி நரம்பு வழியே மூளைக்குச் செல்கின்றது. மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பியின் பிற்பகுதி, ஒட்சிற்றோசின் என்னும் ஓமோனைக் குருதியிற் கலக்கின்றது. ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் அது மடியை அடைந்து, பாற்பைகளைச் சூழ்ந்த நுண்ணிய கலங்களைச் சுருங்கச் செய்கின்றது. இந்த வேகம் சில நிமிடங்களே நிற்கும், கறப்பவர் சோம்பியிருத்தலாகாது. பசு வெருண்டாலோ, அப்பொழுது ஊறும் அதிரினலின் பாலிறக்கத்தைத் தடுத்துவிடும். பட்டியிற் கூச்சலிடும் சிறுவரைப் பெரியோர் அதட்டுவதில் நல்ல உடற்றொழிலியல் அடங்கியிருக்கின்றது!

கபச்சுரப்பியின் சாறு பூனையின் கருப்பையைச் சுருங்கச் செய்வதை 1906இல் ஆங்கிலேயரான ஹென்றி டேல் கண்டறிந்தார். அமெரிக்கரான வின்சென்ட் டு விக்னோ 1953இல் ஒட்சிற்றோசினின் அமைப்பை வெளிப்படுத்தி, அதனை ஆய்வுகூடத்திலேயே ஆக்கியும் காட்டினார். 1955இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் கண்டது ஒன்பது அமினோ அமிலங்கள் கோத்த சிறு மாலை. முதலாவது மணியும் ஆறாவது மணியும் பிணைந்து வளையமாகி நிற்கும். பசுவிடமும் நம் தாய்மாரிடமும் உள்ள மாலை ஒன்றே. ஒரு மணியேனும் வேறுபாடில்லை.

இனி வெருகலாற்றங்கரைக்கு வருவோம். அங்குள்ள தவளையிடமும் கொக்கிடமும் இருப்பது மெசோற்றோசின். எட்டாவது மணி மட்டுமே வேறு. ஆற்று மீனிடம் உள்ள ஐசோற்றோசினில் இரண்டு மணிகள் வேறு. பாலூட்டாத இவற்றுக்கு இது எதற்கு என்று மாணவர் கேட்கலாம். பால் பிந்தி வந்தது, மாலை முந்தியது. ஆமைக்கு முட்டை தடைப்பட்டால் மிருக வைத்தியர் ஏற்றுவதும் ஒட்சிற்றோசின் ஊசியே. மண்புழுவிடம் 1994இல் கண்டெடுத்த இவ்வினப் பொருளை அப்புழுவிற்கே ஏற்றியபோது, அது முட்டையிடும் செயல்களைத் தொடங்கியது. எறும்பிடமும் இவ்வினப் பொருள் உண்டு, தேனீயிடமோ இல்லை. 1987இல், இந்து சமுத்திரத்திலும் வாழும் கூம்புச் சங்குகளின் நஞ்சிலேயே இதன் உறவுப் பொருள் அகப்பட்டது! முதுகெலும்புள்ளனவும் இல்லாதனவும் பிரிந்து 50 கோடி ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த வளையம் மாறவில்லை.

மனிதருக்கு இது உயிர் காக்கும் மருந்து. பிள்ளை பிறந்தபின் கருப்பை சுருங்காவிடில் குருதி பெருகித் தாய் இறக்க நேரிடும். ஆகவே மகப்பேறு முடிந்ததும் 10 அலகு ஒட்சிற்றோசின் கொடுக்குமாறு உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. இம்மருந்தையே இந்தியாவிற் பாலுக்காகப் பசுக்களுக்குக் கண்டபடி ஏற்றியதால், 2018இல் தனியார் அதனை ஆக்குவதற்கு மத்திய அரசு தடைவிதித்தது. தாய்மாருக்குத் தட்டுப்பாடு வரும் என்ற வழக்கில் டில்லி உயர்நீதிமன்றம் அவ்வாண்டு டிசம்பரிலேயே தடையை நீக்கியது. மாட்டின் பேராசைக்காரருக்காகத் தாயைத் தண்டித்தல் எவ்வாறு பொருந்தும்?

மற்றொரு இடரும் உண்டு. ஒட்சிற்றோசின் வெப்பத்திற் கெடும். 2 முதல் 8 பாகை வரையான குளிரில் வைத்தல் வேண்டும். மின்சாரம் நின்றுபோகும் சிற்றூர் மருத்துவமனைக்கு இது பெருங்கவலை. அதே மாலையைச் சிறிது மாற்றி ஆக்கிய காபெற்றோசினின் வெப்பந்தாங்கும் வகை, 30 பாகையிலும் குறைந்தது மூன்றாண்டு கெடாதிருக்கும். இந்தியா உட்பட 10 நாடுகளில் ஏறத்தாழ 30,000 தாய்மாரிடம் சோதிக்கப்பட்ட அது, 2019இல் உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் இடம்பெற்றது.